ஐந்து மணிக் கல்

முதல் செங்கல் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் வந்தது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்து ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்புகிற கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில், ஏற்றுமதிப் பிரிவில், திலகவதியின் மேசைமேல், கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே அது உட்கார்ந்திருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. சூளைக்காரர்கள் கல்லின் நடுவில் தங்கள் எழுத்தைக் குழிவாகப் பதிப்பார்கள் அல்லவா, அதுபோல அதில் 'சு.வ.' என்று பதிந்திருந்தது. சு.வ. என்றால் சுந்தரவடிவேல், அந்தப் பிரிவின் மேலாளர். அவர் சற்று முன்புதான் ஆபீஸ் குழுவில், நாளைக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மீட்டிங் வேண்டாம், தனக்கு முடியாது என்று எழுதியிருந்தார்.

யாரும் அதிசயப்படவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருத்தியின் மேசையில், வாசல் வழியாக வராமல், யார் கையும் வைக்காமல், ஒரு செங்கல் தானாக முளைத்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் பம்பு வரைபடம் போடுகிற பிரதீபன் எட்டிப் பார்த்து, பேப்பர் பறக்காமல் வைக்க ஆகும் என்று சொல்லிவிட்டுத் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பிறகு அவன் குழுவில் தனக்கு மதியம் இரண்டிலிருந்து மூன்று முடியாது என்று எழுத, 'பி' என்று பதிந்த இரண்டாவது கல் வந்தது. அதுவும் ஜில்லென்றுதான் இருந்தது.

மீட்டிங் போடுவது யார் வேலை என்று அந்தக் கம்பெனியில் எந்த உத்தரவும் கிடையாது. திலகவதியின் வேலை கப்பலேறும் பெட்டிகளுக்கு ஆவணம் தயாரிப்பது. எப்போதோ ஒருநாள், ராஜ்கோட் வார்ப்படக்காரரும் நைரோபி கிடங்குக்காரரும் இந்த மாடியில் இருக்கிறவர்களும் ஒரே நேரத்தில் திரையில் முகம் காட்ட வேண்டியிருந்தபோது, நீ பார், நான் பார் என்று எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பாவம் பார்த்து ஒருமுறை நேரம் குறித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அதுபோல அன்றிலிருந்து அது அவள் தலையில் ஏறியது. யாருக்கு எப்போது ஒத்துவரும் என்று கேட்பதும், ஒருத்தர் மாற்றினால் எல்லாருக்கும் மாற்றுவதும், வராதவரைப் போய்க் கூப்பிடுவதும், வந்தவரை உள்ளே விடுவதும், கூட்டம் முடிகிற வரைக்கும் கதவுக்காரிபோலக் காத்திருப்பதும் அவள் பொறுப்பாயிற்று. கேட்டால், "நீங்க பண்ணுனாத்தானுங்க நல்லா இருக்கு" என்று பல்லைக் காட்டினார்கள். அடுத்தவர் தலையில் மிளகாய் அரைக்கிறவர்கள் இப்படித்தான் அம்மி நல்ல அம்மி என்று பாராட்டிக்கொண்டே அரைப்பார்கள்.

ஆக, அவள் தினமும் எந்த நேரம் வசதி என்று கேட்டாள்; அவர்கள் தினமும் எந்த நேரம் முடியாது என்று சொன்னார்கள்; சொன்ன ஒவ்வொரு முடியாதும் கல்லாக வந்து இறங்கியது. ஒரு மணி நேரத்துக்கு முழுக் கல், அரை மணி நேரத்துக்கு அரைக் கல். செவ்வாய்க்கிழமைகளில் காலை எமகண்டமும் மாலை ராகு காலமும் சேர்ந்து சுந்தரவடிவேலின் பெயரில் மும்மூன்று கல்லாக வந்தன. மேசை நிறைந்ததும் அவள் கற்களைத் தரையில் நாற்காலியைச் சுற்றி அடுக்கினாள், ஏனென்றால் அடுக்கிப் பார்த்தால்தான் எல்லாருக்கும் நடுவில் எங்கே சந்து இருக்கிறது, எந்த நேரம் காலி என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டம் நடந்து முடிந்த பிறகும் கற்கள் போகவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், சிமெண்டு பூசாமலே, கொத்தனார் வராமலே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசை பிடித்து நின்றன. அடிவரிசைக்கு மேல் ஒரு வரிசை, அதற்கு மேல் இன்னொன்று என்று முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது, ஆவணி பிறந்தபோது அவள் உட்கார்ந்தால் தலை மட்டும் வெளியே தெரிகிற உயரம் வந்தது.

ஆபீஸ் அந்தச் சுவரைத் தாங்கிக்கொண்டது என்று சொன்னால் தப்பு, ஆபீஸ் அதில் சாய்ந்துகொண்டது. டீ கொண்டுவருகிறவர் கிளாசைச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போகப் பழகினார். அவளுக்குக் காற்று போகவில்லை என்று ஏசிக் குழாயை இரண்டடி திருப்பிவிட்டு, பணியாளர் நலனில் அக்கறை உள்ள நிறுவனம் என்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார்கள். மனிதவளப் பிரிவு ஷர்மிளா, வெளிப்பக்கம் சமமாக இருக்கிறது என்று பிறந்தநாள் பட்டியலை ஒட்டினாள். பிரதீபன் போனில் பேசும்போது முதுகு சாய்க்க அது வாகாக இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கழிவறை இந்தப் பக்கம், கேன்டீன் அந்தப் பக்கம், திலகவதி மேடம் இந்தச் சுவருக்குள்ளே என்று சொல்லிக்கொடுத்தார்கள். மீட்டிங் சரியாக நடந்துகொண்டிருந்தது, அதனால் யாருக்கும் குறையில்லை.

நடந்த மீட்டிங்குகள் எல்லாம் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்கு நடந்தன. இதில் மாயம் ஒன்றும் இல்லை. மற்ற எல்லா நேரத்திலும் யாராவது ஒருத்தர் கல் இருந்தது. ஐந்து மணியில் மட்டும் யாருடைய கல்லும் இல்லை. ஐந்து மணிக்குக் கல் வைக்க வேண்டியவள் ஒருத்திதான், அவளோ அடுத்தவர் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திலகவதிக்கு ஒரு மகள், கயல், மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தை. அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்திருந்தார்கள். கருவி வைத்துவிட்டால் மட்டும் போதாது, ஓசை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு ஆதியிலிருந்து பழக்க வேண்டும், அதையும் குறிப்பிட்ட பிராயத்துக்குள் பழக்க வேண்டும், தாண்டினால் காதில் இருப்பது வெறும் நகைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான வகுப்பு செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவாள், ஆனால் வகுப்பில் உட்கார வேண்டியது தாய். கணவனுக்கு லேத் பட்டறையில் மாலை ஷிஃப்ட். வகுப்பு நடக்கிற மையத்தில் இடத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் ஏராளம், ஆகவே தாய் மூன்று முறை வராவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். அவள் வகுப்பில் இருந்துகொண்டே போனில் மீட்டிங்கைத் திறந்து வைத்துப் பார்த்தாள். வகுப்பு டீச்சர் அதை வாங்கி அணைத்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சத்தம் வந்தா, இதுல எது அம்மா குரல்னு குழந்தைக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார். போனை அணைத்த அன்று நைரோபிக்காரர் உள்ளே வர முடியாமல் வெளியே காத்திருந்தார் என்று மறுநாள் சுந்தரவடிவேல் எல்லார் முன்னாலும் வருத்தப்பட்டார். அவர் கோபப்பட மாட்டார், வருத்தம்தான் படுவார். அது இன்னும் மோசம். அடுத்து வந்த இரண்டு வகுப்புகளுக்கு அவளால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு செவ்வாயிலும் வெள்ளியிலும் மட்டும் ஐந்து மணிக்கு மீட்டிங் விழாமல் எப்படியோ தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்காமல் இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எழுந்து நின்று, சுவருக்கு மேலே முகத்தை நீட்டி, இனிமேல் மீட்டிங் போடுகிற வேலையை வாரத்துக்கு ஒருத்தராக மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். எல்லாரும் கைதட்டாத குறையாக ஒத்துக்கொண்டார்கள். அருமையான யோசனை, இது முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்றார் சுந்தரவடிவேல். அடுத்த மூச்சில் சொன்னார்: "இதப் பத்திப் பேசறதுக்கு ஒரு மீட்டிங் போட்ரலாம்ங்க. நீங்களே எல்லாத்துக்கும் ஒத்துவர்ற டைமாப் பாத்துப் போட்ருங்க."

அந்த மீட்டிங்குக்காக மட்டும் ஒரு வரிசைக் கல் வந்தது. அந்த மீட்டிங் இன்றுவரை நடக்கவில்லை.

சரக்கு அனுப்புகிற பிரிவில் நிஜாமுதீன் என்று ஒருவன் இருந்தான். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்காக அவன் பெயரிலும் கல் இருந்தது. அவன் மட்டும் ஒருநாள் வந்து, தன் கல்லைத் தானே எடுத்துப் போய்விடுகிறேன் அக்கா என்று பிடித்து இழுத்தான். கல் சுட்டது, உதறிக்கொண்டு கையை எடுத்தான். துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தான், ஆனால் அதன் மேல் சுந்தரவடிவேலின் கற்கள் ஆறேழு உட்கார்ந்திருந்ததால் அசைக்க முடியவில்லை. தரப் பரிசோதனை ஸ்டெல்லாவின் கல்லும் சுட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் தன் அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். சுடுகிற கல் சிலது, ஜில்லென்ற கல் பலது என்று அப்போதே தெரிந்துதான் இருந்தது, ஆனால் அதன் அர்த்தம் என்னவென்று யோசிக்க அந்த மாடியில் ஆளில்லை.

சுவர் கழுத்தைத் தாண்டியதும் நிர்வாகம் பெரிய மனது பண்ணி ஒரு அலுமினிய ஏணி வாங்கிக் கொடுத்தது. காலையில் அவள் ஏணி வைத்து ஏறி உள்ளே இறங்குவாள், இரவு அதே ஏணியில் வெளியேறுவாள். ஜன்னல் பக்கம் ஒரு மூலையில் உடம்பைச் சாய்த்தால் நுழைகிற அளவுக்கு ஒரு சந்தும் இருந்தது. இப்படிப் புரட்டாசியும் வந்தது, ஆயுத பூஜையும் வந்தது.

இங்கேதான் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். ஆயுத பூஜை என்றால் நம் ஊர்க்காரர்களுக்குக் கை நிற்காது. இயந்திரத்துக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு, லிஃப்ட் கதவுக்குப் பொட்டு. கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் மிச்சம் இருந்தது. எதிரே இத்தனை பெரிய சுவர் மொட்டையாக நின்றது. ஷர்மிளா நாலு பக்கமும் பட்டை போட்டுப் பொட்டு வைத்தாள், பிரதீபன் மாவிலை கட்டினான், சுந்தரவடிவேல் பூசணிக்காய் சுற்றி உடைத்துக் கற்பூரம் காட்டினார். நமக்கு மீட்டிங் தடையில்லாமல் நடப்பது இதனால்தானே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்தவளுக்குச் சுவரின் மேல் வழியாகப் பொரியும் சுண்டலும் வந்தன.

மறுநாள் அவள் ஏணியில் கால் வைத்தபோது நாலு பேர் ஓடிவந்து தடுத்தார்கள். பூஜை போட்ட சுவர், அதைத் தாண்டிக் கால் போடலாமா, சாமி குத்தம் ஆகிவிடாதா என்றார்கள். சுவரை மிதிக்க வேண்டாம், ஆனால் பிரித்தாவது விடுங்கள் என்று கேட்டாள். குங்குமம் வைத்ததில் கடப்பாரை வைக்கிறதா என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏணி ஸ்டோர் ரூமுக்குப் போனது. அதற்குப் பிறகு போகிறபோதும் வருகிறபோதும் ஆளாளுக்குச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து வைத்து எடுத்தார்கள், யாரோ ஒரு எலுமிச்சம்பழம் கூட வைத்தார்கள். மனிதர்களின் சோம்பேறித்தனத்துக்குப் பொட்டு வைத்தால் அது தெய்வமாகிவிடுகிறது. அதற்கப்புறம் அதைக் கேள்வி கேட்கிறவள்தான் பாவி. உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் யாருடைய பக்தியிலும் சேரவில்லை.

மிஞ்சியது ஜன்னல் பக்கத்துச் சந்து. அதுவும் நாளுக்கு நாள் ஒடுங்கியது. பையை முதலில் வெளியே எறிந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கை சிராய்க்க அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விட்டால் மூன்றாவது முறை. அன்றைக்கு எந்த மீட்டிங்கும் இல்லாமல் பார்த்து வைத்திருந்தாள், நாலரைக்குக் கிளம்பினால் போதும் என்று காலையிலிருந்து பையைத் தோளிலேயே மாட்டியிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் சுந்தரவடிவேல் குழுவில் எழுதினார்: இன்றைக்கே நைரோபியோடு பேசியாக வேண்டும், அவசரம், மூன்றிலிருந்து நாலரை ராகு காலம் முடியாது. உடனே ஒன்றரைக் கல் வந்து சந்தில் உட்கார்ந்தது. பிரதீபன் தனக்கு நாலரையிலிருந்து ஐந்து முடியாது என்றான். அரைக் கல் வந்தது. ஷர்மிளா தனக்கு இரண்டிலிருந்து மூன்று முடியாது என்றாள். அந்தக் கல் கடைசி இடுக்கில், அளவெடுத்துச் செய்ததுபோல, சொருகிக்கொண்டது. ஜன்னல் வெளிச்சம் நின்றது. ஆக, ஐந்து மணி ஓகே, திலகவதி போட்டுவிடுவார் என்று சுந்தரவடிவேல் எழுதி, கும்பிடுகிற கைப் படத்தையும் போட்டார்.

அவள் சுவரைத் தள்ளிப் பார்த்தாள். தோளால் இடித்தாள். இன்றைக்குப் போகாவிட்டால் பிள்ளைக்கு இடம் போய்விடும் என்று வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்வது, பூஜை போட்ட சுவராச்சே என்றார்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார் சுந்தரவடிவேல். அவர் அரை மணி நேரம் எப்போது முடியும் என்று ஆபீசுக்கே தெரியும்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் வந்ததெல்லாம் அழுகை; இது வேறு. காதுமடல் சுட்டது. குங்குமம் இருப்பதால்தானே இது சாமி, குங்குமத்தைக் கழுவிவிட்டால் வெறும் சுவர், வெறும் சுவர் என்றால் கடப்பாரை எடுக்க இவர்களுக்கு என்ன சாக்கு இருக்கும் என்று யோசித்தாள்.

"நிஜாமு, அந்தத் தண்ணிக் கேன உள்ள குடு" என்றாள்.

தாகமாக்கும் என்று நினைத்து எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். நிஜாமுதீன் மட்டும் அவள் கண்ணைப் பார்த்தான். கேனைத் தோளில் தூக்கி, சுவருக்கு மேலே ஏந்தி உள்ளே இறக்கினான். அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, கேனைச் சுவரின் விளிம்பில் சாய்த்து வைத்து, குங்குமமும் சந்தனமும் ஓட ஓட வெளிப்பக்கம் தண்ணீரைக் கவிழ்த்தாள். ஐயோ ஐயோ என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முதலில் குங்குமம்தான் வழிந்தது. பிறகு வழிந்தது மண். சு.வ. என்ற எழுத்து மழையில் நனைந்த களிமண் பொம்மையின் மூக்குபோல இளகி, சரிந்து, குழம்பாகித் தரையில் இறங்கியது. அந்தக் கல் சுடாத கல். அதற்கு மேலிருந்ததும் சுடாத கல், பக்கத்தில் இருந்ததும் சுடாத கல். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வெளியே வேலை என்றது கரைந்தது, வங்கிக்குப் போகிறேன் என்றது கரைந்தது, தலைவலி என்றது கரைந்தது, சும்மா இருக்கட்டும் என்று முன்கூட்டியே பிடித்து வைத்த மதியங்கள் எல்லாம் கரைந்தன. ராகு காலக் கற்கள்கூட, அதே ராகு காலத்தில் அவர் புதுக் கார் பார்க்கப் போனதை எல்லாரும் அறிவார்கள் என்பதால், நிற்க வழியில்லாமல் கரைந்தன. இன்னொரு கேன் கேட்டாள், ஸ்டெல்லா உருட்டிக்கொண்டு வந்தாள். மாடி முழுக்கச் சேறு. பளபளத்த ஷூக்கள் சேற்றில் நின்றன, பிறந்தநாள் பட்டியல் சேற்றில் மிதந்தது. சுவர் இருந்த இடத்தில் மிஞ்சி நின்றவை நாலைந்து கல்தான். நிஜாமுதீனின் வெள்ளிக்கிழமை, ஸ்டெல்லாவின் செவ்வாய்க்கிழமை, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகிற ஒருத்தியின் மதியம். தண்ணீர் பட்டதும் அவை ஆவி விட்டன, அவ்வளவுதான்.

இத்தனை நாளும் அவளைச் சுற்றி நின்றது நாலைந்து உண்மையும் மாடி கொள்ளாத பொய்யும்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்து, சுந்தரவடிவேலின் மேசை முன்னால் நின்றாள். அவர் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வாரத்துக்கு ஒருத்தருங்க சார். இதப் பேசறதுக்கு மீட்டிங் வேண்டாம். மொத வாரம் நீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

ஆட்டோவில் போய் இறங்கியபோது ஐந்து தாண்டியிருந்தது. டீச்சர் கதவைச் சாத்தப் போனவர் அவள் முழங்கால்வரை சேறாக இருப்பதைப் பார்த்து உள்ளே விட்டார். கயல் ஒரு கிண்ணத்தின் முன்னால் கையில் பாசிமணியோடு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும், அதுதான் பாடம். உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதால் திலகவதி பின்னால் போய் உட்கார்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, மெதுவாகப் பெயரைச் சொன்னாள். பிள்ளை அசையவில்லை. இன்னொரு முறை சொன்னாள். மணி கிண்ணத்தில் விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை, சுந்தரவடிவேல் தன் கையாலேயே குழுவில், நாளைக்கு யாருக்கு எந்த நேரம் வசதி என்று எழுத வேண்டிவந்தது. கற்கள் அவர் மேசைக்கு வந்தன. முன்னைப்போல் நிறைய வரவில்லை, தண்ணீரை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பிரதீபனுக்கு எல்லா நேரமும் வசதியாக இருந்தது. ஸ்டெல்லாவின் கல் வந்தது. கடைசியாகத் திலகவதி, நாளை மாலை ஐந்து மணிக்கு எனக்கு முடியாது என்று எழுதினாள். அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதிய முதல் முடியாது அதுதான்.

'தி' என்று பதிந்த கல் அவர் மேசையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. அவர் அதை ஓரமாக நகர்த்தலாம் என்று கை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார். ஆள் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார், வரவில்லை. அதைச் சுற்றித்தான் நேரம் தேட வேண்டியிருந்தது. தேடினால் காலை பதினொரு மணி காலியாகவே கிடந்தது. இத்தனை மாதம் யாருக்கும் முடியாமலிருந்த அதே பதினொரு மணி. மறுநாள் பதினொரு மணிக்கு மீட்டிங் நடந்தது, நைரோபிக்காரர் வந்தார், ராஜ்கோட்டுக்காரர் வந்தார், வானம் இடிந்து விழவில்லை.

மாலையில் அவள் கிளம்புகிற நேரம். சுந்தரவடிவேல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் தம்ளர்த் தண்ணீரை அந்தக் கல்லின் மேல் சாய்த்தார். சுர்ரென்று ஆவி எழும்பியது. கல் முன்பைவிடச் சிவந்தது, எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அவர் நிமிர்ந்தபோது திலகவதி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்டோர்ல இன்னும் ரெண்டு கேன் இருக்குங்க சார். ஊத்திப் பாருங்க" என்றாள். மணி நாலரை. பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.